கணப்புக்குள் கரி அடுப்பு: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

பென்சில்வேனியாவின் வடகிழக்கு மூலையில், ஸ்க்ரான்டன், வில்க்ஸ்-பேரி, ஹேசல்டன் பக்கம் பழைய வீடு வாங்குகிற நம்மவர்கள் பலரின் வரவேற்பறையில் செங்கல் கணப்பு ஒன்று இருக்கும். பார்வைக்கு அழகுதான். ஆனால் திறந்த கணப்பில் விறகை எரித்தால், அறையில் இருக்கும் சூடான காற்றையும் சேர்த்துப் புகைபோக்கி இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் அந்தக் குழிக்குள் நிலக்கரி அடுப்பு ஒன்றைப் பொருத்திவிடலாம் என்று தோன்றுகிறது. ஆந்த்ரசைட் என்ற கடினமான நிலக்கரியை வெட்டியெடுக்கும் மண் இதுவே என்பதால் கரிக்கும் அலைய வேண்டியதில்லை. மின்சாரம் போனாலும் கையால் கரி போடும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும் என்பது ஜனவரிப் பனியில் பெரிய விஷயம்.

பொருத்திய பிறகு வரும் தொல்லைகளில் முக்கால்வாசிக்குக் காரணம் ஒன்றுதான்: காற்று போக வேண்டிய வழியில் போகவில்லை. விறகுக்குக் காற்று மேலிருந்து வந்தாலும் போதும், சாம்பல் மேலேயே கிடந்து எரியும். ஆந்த்ரசைட் அப்படி இல்லை. அதில் எளிதில் பற்றும் வாயு மிகக் குறைவு. ஏறக்குறைய முழுக்கக் கார்பன். கம்பித்தட்டுக்கு அடியிலிருந்து கரிப்படுகையை ஊடுருவிக்கொண்டு காற்று மேலேறினால்தான் எரியும். வில்க்ஸ்-பேரியில் விடுதி நடத்திய ஜெஸ்ஸி ஃபெல், 1808 பிப்ரவரி 11 அன்று தன் கணப்பில் இரும்புக் கம்பித்தட்டு ஒன்றை வைத்து, துருத்தி ஊதாமலேயே இந்தக் கரியை எரித்துக் காட்டினார். அவர் செய்ததும் கரியைத் தரையிலிருந்து உயர்த்தி அடியில் காற்றுக்கு வழி விட்டதுதான். உங்கள் அடுப்பில் எந்தக் கோளாறு வந்தாலும், கரியைக் குறை சொல்லும் முன் காற்றின் பாதையைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். இந்த வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. கடையில் விற்கும் சாதாரணக் கருவி, காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு வாயு இருந்தால் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் கத்தும் வகையில் அமைக்கப்பட்டது. அதாவது குறைந்த அளவில் வாயு கசிந்துகொண்டிருந்தால் அது பேசாமலே இருக்கலாம். அளவை எண்ணில் காட்டும் கருவியாக வாங்குங்கள். பூஜ்யத்துக்கு மேல் எண் நிலையாகத் தெரிந்தாலே காரணத்தைத் தேட ஆரம்பியுங்கள்.

அடுப்பு கணப்புக்குள் நுழையவில்லை, குழாய் இடிக்கிறது

பெரும்பாலான கரி அடுப்புகளில் புகை வெளியேறும் வாய் மேலே இருக்கும். கணப்பின் முகப்பு வாசல் தாழ்வாக இருந்தால் குழாய் போய் மேற்கட்டையில் இடிக்கும். பின்பக்கம் வாய் உள்ள அடுப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் சரியான வழி. சில மாடல்களில் மூடியைக் கழற்றி மேல்வாயைப் பின்வாயாக மாற்றிக்கொள்ளவும் முடியும். உயரம் ஓரிரு அங்குலம்தான் இடிக்கிறது என்றால், தயாரித்த கம்பெனியே கொடுக்கும் குட்டைக் கால்கள் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். இருக்கிற கால்களை ரம்பத்தால் அறுக்க வேண்டாம். அடுப்புக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, தரை தாங்கும் சூட்டைக் கணக்கிட்டு வைத்தது. கணப்பின் தரை வெறும் செங்கல் என்று நினைப்போம். அதன் முன்பகுதிக்கு அடியில் மரச்சட்டம் ஓடும் வீடுகள் உண்டு.

குழாய் கிடையாக ஓடும் தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஓடித்தான் ஆக வேண்டும் என்றால், அடிக்குக் கால் அங்குலம் வீதம் புகைபோக்கியை நோக்கி ஏற்றம் கொடுங்கள். நேர்க்குழாயோடு சேரும் இடத்தில் முழங்கைக்குப் பதிலாக, அடியில் மூடி உள்ள டி-வடிவ இணைப்பைப் போடுங்கள். விறகுப் புகை குழாயில் விட்டுச்செல்லும் கரிப்பிசின் ஆந்த்ரசைட்டில் சேராது, ஆனால் மாவு போன்ற பறக்கும் சாம்பல் நிறையச் சேரும். அது விழுந்து தங்க ஓர் இடமும், அதை அள்ளி எடுக்க ஒரு வழியும் வேண்டும்.

பற்றவைத்ததும் புகை அறைக்குள் திரும்புகிறது

கணப்பில் வைத்த அடுப்புக்கே உரிய கோளாறு இது. பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தும் வரும். அதனால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் புகைபோக்கியின் அளவு. திறந்த கணப்புக்கென்று கட்டிய புகைபோக்கி ரொம்பப் பெரியது. உள்ளளவு 11 அங்குலச் சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 121 சதுர அங்குலம் வருகிறது. அடுப்பின் 6 அங்குல வாயின் பரப்போ 28 சதுர அங்குலம்தான். அமெரிக்கத் தீத்தடுப்பு விதிமுறைப்படி புகைபோக்கியின் பரப்பு அடுப்பு வாயைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. புகைபோக்கி வீட்டின் வெளிச்சுவரில் நின்றால் இரண்டு மடங்குதான். இங்கே நான்கு மடங்குக்கும் மேல் போகிறது. அவ்வளவு பெரிய குளிர்ந்த கூட்டுக்குள் போகும் கொஞ்சம் சூடான புகை, ஏறும் வேகத்தை இழந்து தேங்கிவிடும். ஆந்த்ரசைட் விஷயத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அதன் புகைவாயு விறகுப் புகை அளவுக்குச் சூடாக இருக்காது. இதற்கு ஒரே தீர்வு, அடுப்பு வாயிலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை துருப்பிடிக்காத எஃகு லைனர் குழாய் இறக்குவது. வெளிச்சுவர்ப் புகைபோக்கி என்றால் லைனரைச் சுற்றிப் பீங்கான் நாரால் ஆன போர்வையும் போட வேண்டும். குழாயை நாலு அடி மட்டும் உள்ளே செருகிவிட்டு, மீதியைப் பழைய கூடு பார்த்துக்கொள்ளும் என்று விடுவது இங்கே சகஜமாக நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புகை திரும்பும், சாம்பலும் கைக்கு எட்டாத இடத்தில் குவியும்.

லைனர் இருந்தும் புகை வந்தால், கணப்பின் தொண்டையை, அதாவது கணப்பு புகைபோக்கியோடு சேரும் இடத்தைப் பாருங்கள். லைனர் நுழையும் இடத்தைச் சுற்றித் திறந்திருந்தால் அறைக்காற்று அந்த வழியாக மேலே ஓடிவிடும், மேலிருக்கும் குளிர்காற்றும் கீழே இறங்கும். அந்த இடத்தைத் தகரத் தட்டு வெட்டி அடைத்து, தட்டின் மேல் பாறைக்கம்பளியை (ராக்வூல்) திணியுங்கள். கண்ணாடிக்கம்பளி வேண்டாம், அதிலிருக்கும் பசை இந்தச் சூட்டில் கருகி நாறும். அடைத்த பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, தட்டின் விளிம்பை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக மேலேறினால் அடைப்பு சரி. எங்காவது உள்பக்கம் வளைந்து ஓடினால் அங்கே ஓட்டை இருக்கிறது. குழாய் மூட்டுகளுக்கும் கதவு விளிம்புகளுக்கும் இதே சோதனைதான்.

மூன்றாவது, நம் வீடுகளுக்கே உரியது: சமையலறைப் புகை உறிஞ்சி. மீன் வறுக்கும்போதும் மிளகாய் தாளிக்கும்போதும் அதை முழு வேகத்தில் ஓடவிடுவோம். சன்னல்கள் எல்லாம் இறுக மூடிய வீட்டில், அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். மிகச் சுலபமான வழி புகைபோக்கிதான். இதைக் கண்டுபிடிக்க, உறிஞ்சியை நிறுத்திவிட்டு அடுப்புக்கு அருகில் உள்ள சன்னலை ஓர் அங்குலம் திறந்து பாருங்கள். உடனே புகை நின்றால் குற்றவாளி அடுப்பு இல்லை, வீட்டுக்குள் காற்று போதவில்லை. துணி உலர்த்தும் எந்திரமும் குளியலறை விசிறியும் இதே வேலையைச் செய்யும். நிரந்தரத் தீர்வுக்கு, வெளிக்காற்றைக் கொண்டுவரும் தனிக்குழாய் ஒன்றைப் போட்டுவிடுங்கள். அதுவரை சமைக்கும்போது சமையலறைச் சன்னல் திறந்தே இருக்கட்டும்.

மேலே உச்சியும் ஒழுங்காக இருக்க வேண்டும். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும். புகைபோக்கி குளிர்ந்திருந்தால், அடுப்பைப் பற்றவைக்கும் முன் செய்தித்தாளைச் சுருட்டி அடுப்பின் மேல்பகுதியில் எரித்து இழுவையை, அதாவது புகைபோக்கி காற்றை மேலே இழுப்பதை, தொடங்கிவைப்பதும் உதவும்.

இழுவை எவ்வளவு இருக்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. அழுத்தத்தை அளக்கும் சின்ன மனோமீட்டர் ஒன்றைக் குழாயில் பொருத்திவிட்டால் போதும். பெரும்பாலான கரி அடுப்புகளுக்கு 0.03 முதல் 0.06 அங்குல நீர்மட்டம் வரை இருந்தால் சரி. கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இந்தக் கருவிக்குச் செலவழித்த காசு வீணாவதே இல்லை.

விறகு நன்றாக எரிகிறது, கரி போட்டதும் அணைகிறது

விறகு எரிந்தால் இழுவை இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் அந்த இழுவை கரிக்கு அடியில் வேலை செய்யவில்லை. மேல்கதவின் இடுக்கை அடைக்கும் கயிற்றுப்பட்டை தேய்ந்திருந்தால் காற்று அதன் வழியாக நுழைந்து, நெருப்புக்கு மேலாகவே ஓடிவிடும். ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் பட்டையை மாற்ற வேண்டும். கம்பித்தட்டின் ஓரத்துக்கும் தீச்செங்கலுக்கும் நடுவில் இடைவெளி இருந்தாலும் காற்று கரிக்குள் போகாமல் அந்த ஓரமாகவே ஏறிவிடும்.

அடுத்தது படுகையின் ஆழம். ‘கொஞ்சமாகப் போட்டுச் சிக்கனமாக எரிக்கலாம்’ என்பது ஆந்த்ரசைட்டிடம் நடக்காது. இரண்டு அங்குலப் படுகை தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாமல் செத்துவிடும். தீச்செங்கலின் மேல்விளிம்பு வரை நிரப்புங்கள். சூட்டைக் குறைக்க வேண்டுமானால் கரியில் கை வைக்காமல் அடிக்காற்றைக் குறையுங்கள்.

கரியின் அளவும் முக்கியம். கையால் போடும் அடுப்புக்குப் பெரும்பாலும் செஸ்ட்நட் என்ற அளவு பொருந்தும்; துண்டுகள் ஏறக்குறைய 13/16 முதல் 1 5/8 அங்குலம் வரை இருக்கும். அதைவிடச் சிறிய பீ அளவு மெதுவாக எரியும், ஆனால் இழுவை குறைந்த புகைபோக்கியில் காற்றை அடைத்துவிடும். தானியங்கி அடுப்புக்கான ரைஸ், பக்வீட் அளவுகளை வாங்கி வந்துவிட்டால் பாதி கம்பித்தட்டு வழியாகவே கொட்டிவிடும்.

உங்களுடையது கம்பித்தட்டே இல்லாத விறகு அடுப்பா? உள்ளே இரும்புக்கூடை ஒன்றைச் செருகிக் கரி எரிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. காற்று கூடையைச் சுற்றிப் போய்விடும் என்பதால் கரி ஒழுங்காக எரியாது. எரிந்தாலும் கரியின் தணல் சூட்டுக்கு அந்த அடுப்பின் உடம்பு செய்யப்படவில்லை. கரிக்கென்று சான்று பெற்ற அடுப்பை வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

இரவில் நன்றாக எரிந்தது, காலையில் பாதிப் படுகை கறுத்துக் கிடக்கிறது

சாம்பல் வெளியேறவில்லை. கம்பித்தட்டை ஆட்டும்போது முழுவீச்சில் ஆட்டாமல், குட்டையாகவும் விரைவாகவும் ஆட்டுங்கள். சாம்பல் தட்டில் சிவந்த கங்குகள் விழத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஆட்டினால் நல்ல நெருப்பையே கீழே கொட்டுகிறீர்கள். மூலைகளில் சாம்பல் அசையாமல் நின்றால், வளைந்த கம்பியைக் கம்பித்தட்டுக்கு அடியிலிருந்து இடுக்குகளில் விட்டு உதிர்த்துவிடுங்கள்.

மேலிருந்து கிளறவே கூடாது. விறகு அடுப்பில் பழகிய கை கிளறத்தான் போகும். ஆனால் கரிப்படுகையைக் கிளறினால் கீழே இருக்கும் சாம்பல் நெருப்பின் நடுவுக்கு ஏறி, உருகி, கண்ணாடிபோல் இறுகிய கட்டியாகும். அந்தக் கட்டிகள் கம்பித்தட்டுக்குள் சிக்கி ஆட்டவே முடியாமல் செய்துவிடும். அளவுக்கு மீறிச் சூடேற்றினாலும் கட்டி வரும். கட்டி விழுந்துவிட்டால் அடுப்பை அணையவிட்டு, ஆறிய பின் கையால்தான் எடுக்க வேண்டும்.

நெருப்பு ஏற்கெனவே சாகும் நிலையில் இருந்தால் ஆட்டாதீர்கள். அடிக்காற்றை முழுதாகத் திறந்து, கொஞ்சம் சுள்ளி விறகோ மரக்கரியோ மேலே போட்டுப் பற்றவிடுங்கள். அதன்மேல் கரியை மெல்லிய அடுக்காகப் போட்டு, அது பிடித்த பிறகு லேசாக ஆட்டுங்கள்.

வெளியே வெப்பநிலை 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாட்களில் இழுவையே குறைந்துவிடும், அடுப்பில் எந்தப் பழுதும் இருக்காது. அந்த நாட்களில் வழக்கத்தைவிடக் குறைவாக ஆட்டி, கம்பித்தட்டின் மேல் சாம்பலைக் கொஞ்சம் தங்கவிடுங்கள். சூடு கம்மியாக, படுகை உயிரோடு இருக்கும். அப்படியும் மனோமீட்டர் முள் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் அடுப்பை அணைத்துவிடுவதுதான் நல்லது.

புதுக்கரி போட்ட சில நிமிடத்தில் ‘டம்’ என்று வெடிக்கிறது

கதவு அதிரும், குழாய் மூட்டிலிருந்து சாம்பல் பறக்கும், சில சமயம் குழாயே கழன்றுவிடும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தணலின் மேல் புதுக்கரியை முழுக்க மூடிப் போட்டால், அடியிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடும் கரியிலிருந்து வரும் மற்ற வாயுக்களும் பற்றிக்கொள்ளச் சுடர் இல்லாமல் மேலே தேங்கும். எங்கோ ஒரு கங்கு வெளிப்பட்டதும் எல்லாம் ஒரே வீச்சில் பற்றும். தடுப்பது சுலபம். தணலைப் பின்பக்கமோ ஒரு மூலைக்கோ லேசாக ஒதுக்கி, அங்கே சிவப்பு தெரியும்படி விட்டுவிட்டு மற்ற இடத்தில் கரியைப் போடுங்கள். அந்தச் சிவந்த மூலைதான் வாயு கிளம்பக் கிளம்ப அதை எரித்துக்கொண்டே இருக்கும். மேல்கதவின் சிறு காற்றுத்துளைகளைத் திறந்து வையுங்கள். கரிக்கு மேல் நீலச் சுடர்கள் ஆடத் தொடங்கும் வரை காற்றைக் குறைக்காதீர்கள். அந்த நீலம், கார்பன் மோனாக்சைடு அடுப்புக்குள்ளேயே எரிகிறது என்பதற்கு அடையாளம்.

கதவைத் திறக்கும்போதும் ஒரு முறை இருக்கிறது. குழாயில் கையால் திருப்பும் தடுப்பு (டாம்பர்) இருந்தால் அதை முதலில் திறங்கள். அப்புறம் கதவை அரை அங்குலம் விலக்கி, சில நொடி பொறுத்து, பிறகு முழுதாகத் திறங்கள். முகத்தைக் கதவுக்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

குழாய் மூட்டு ஒவ்வொன்றிலும் மூன்று திருகாணிகள் இருக்கட்டும்.

அடுப்பு கட்டுக்கடங்காமல் சிவக்கிறது

ஏறக்குறைய எப்போதும் காரணம், அடியில் உள்ள சாம்பல் கதவுதான். பற்றவைக்கும்போது வேகமாகப் பிடிக்கட்டும் என்று திறந்துவிட்டு, தொலைபேசி வந்து போய்விடுவோம். சில நிமிடங்களில் கம்பித்தட்டு வளைந்துபோகும் அளவுக்குச் சூடேறிவிடும். அந்தக் கதவு திறந்திருக்கும் வரை அடுப்பை விட்டு நகரவே கூடாது. கதவு மூடியிருந்தும் சிவக்கிறது என்றால், அந்தக் கதவின் பட்டையை டாலர் நோட்டால் சோதியுங்கள். சாம்பல் தட்டும் நிரம்பி வழியக் கூடாது. சாம்பல் கம்பித்தட்டின் அடிவயிற்றைத் தொட்டால் அதைக் குளிர்விக்கும் காற்று நின்று இரும்பு உருக்குலையும்.

காற்றடிக்கும் இரவுகளில் மட்டும் சிவந்தால் இழுவை அதிகம். தானாகத் திறந்து மூடும் சமன்தடுப்பு ஒன்றைக் குழாயில் போட்டால் நிலைக்கு வந்துவிடும். குழாய்த் தடுப்பை ஒருபோதும் முழுதாக மூடாதீர்கள்.

அடுப்பு சூடு, அறை குளிர்

கணப்புக்குள் முழுதாகத் தள்ளி வைத்த அடுப்பின் பின்பக்கச் சூட்டைச் செங்கல் குடித்துவிடும். வெளிச்சுவர்க் கணப்பு என்றால் அந்தச் சூடு தோட்டத்துக்குத்தான் போகிறது. தொண்டையை அடைத்தீர்களா என்று முதலில் பாருங்கள். பிறகு அடுப்பின் முன்பாதியையாவது கணப்புக்கு வெளியே வரும்படி நகர்த்த முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் பின்சுவருக்கு முன்னால், ஓர் அங்குல இடைவெளி விட்டு ஒரு தகரத் திரையை நிறுத்தி, சின்ன விசிறி ஒன்றை வையுங்கள்.

வெளியே நகர்த்தினால் வேறு கணக்கு வரும். கையேட்டில் எண் இல்லாத அடுப்புக்கு, எரியக்கூடிய எதுவும் 36 அங்குலத்துக்குள் இருக்கக் கூடாது. ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கு 18 அங்குலம். அடுப்பின் முன்னாலும் 18 அங்குலம் தரை எரியாத பொருளாக இருக்க வேண்டும். கணப்பின் மேல் உள்ள மர அலமாரியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சாமி படம், கொலுப் பொம்மை, பட்டுத்துணி எல்லாம் அதன்மேல்தான் ஏறும். அடுப்பு முழு வேகத்தில் எரியும்போது அந்த மரத்தின் அடிப்பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். கை தாங்கவில்லை என்றால், உடனே நெருப்பைக் குறைத்துவிட்டுத் தகரத் தடுப்பு போடும் வேலையைப் பாருங்கள்.

தீக்குச்சி உரசியதுபோல் கந்தக வாடை

கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, ஆனால் அது வரும் புகைவாயுவில் கந்தகம் இருக்கிறது. வாடை மூக்கில் ஏறினால் அந்த வாயுவும் கூடவே வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல் இருந்தாலோ கருவி கத்தினாலோ, அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் 911-ஐ அழையுங்கள். யாருக்கும் எதுவும் செய்யவில்லை, வாடை மட்டும் லேசாக என்றால் சன்னல்களைத் திறந்துவிட்டு மனோமீட்டரைப் பாருங்கள். இழுவை விழுந்திருந்தால் பெரும்பாலும் டி-இணைப்பின் அடியில் சாம்பல் நிரம்பியிருக்கும். எரிவாயுக் கொதிகலனும் இந்த அடுப்பும் ஒரே புகைபோக்கியில் சேர்ந்திருந்தால், அதைப் பிரிக்கும் வரை கரி அடுப்பைப் பற்றவைக்கவே வேண்டாம்.

போன வருடம் போட்ட குழாய் அதற்குள் ஓட்டை

குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த சாம்பலில் கந்தகம் இருக்கும். கோடையின் ஈரக்காற்றை அது உறிஞ்சி அமிலமாகிக் குழாயைத் தின்கிறது. எரித்ததால் வந்த சேதம் இல்லை இது, எரிக்காமல் வைத்திருந்த மாதங்களில் வந்தது. அதனால் சுத்தம் செய்வதை அக்டோபருக்குத் தள்ளாமல், கடைசி நெருப்பு அணைந்த வாரமே செய்துவிடுங்கள். இணைப்புக் குழாயைக் கழற்றித் துலக்கி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். அடுப்பின் உள்ளேயும் சாம்பலைத் துடைத்தெடுத்து அதே சோடாத் தண்ணீரால் ஒருமுறை துடையுங்கள். லைனரை மேலிருந்து துலக்க ஆள் கூப்பிடும்போது, கரி எரித்த லைனர் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மழைநீர் இறங்காமல் உச்சியில் மூடி இருக்கிறதா என்பதையும் அவரையே பார்க்கச் சொல்லிவிடலாம்.

அள்ளிய சாம்பல் மூடியுள்ள இரும்பு வாளியில் மட்டும்தான் போக வேண்டும். வாளியை மரத் தாழ்வாரத்தில் வைக்காமல், வீட்டை விட்டுத் தள்ளி மண் தரையில் வையுங்கள். தொட்டால் ஆறியதுபோல் இருக்கும் சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள் கூட உயிரோடு கிடக்கும்.